மரக்காது

"யார் கேக்கறதுக்கு?" என்று கடைக்காரி கேட்டபோது தோராவின் நாக்கு நுனிக்கு வந்த பெயர் பிரேபென். அதை விழுங்கிக்கொண்டு, "வீட்டுக்குத்தான்" என்றாள். மேசை மேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றின் முகம் முழுக்கக் கண்ணாடித் திரை. ஓடுகிற பாட்டின் அட்டைப் படம் அதில் பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்று ஒரு ரொட்டித் துண்டின் அகலம்கூட இல்லாத சாம்பல் நிறப் பெட்டி. ஒரே ஒரு புள்ளி விளக்கு. இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான் என்றாள் ஊல்லா என்ற அந்தக் கடைக்காரி. இணையத்திலிருந்து பாட்டை இழுத்து வீட்டு ஆம்ப்ளிபயருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரீமர். நல்லது, கெட்டது என்பதெல்லாம் உள்ளே எண்களை ஒலியாக மாற்றும் மாற்றியின் தரத்தில் இருக்கிறது.

"வீட்டுல யாராவது ரொம்ப நுணுக்கமா கேக்கறவங்க இருக்காங்களா?"

"இருந்தார். மார்ச் மாசம் போயிட்டார்." ஊல்லா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தோரா முந்திக்கொண்டாள். "இப்ப ஒரு சிநேகிதர் வரப்போறார். பல் டாக்டரா இருந்தவர். அவர் வாயால ஒரு குறைகூடச் சொல்ல முடியாத மாதிரி ஒண்ணு குடுங்க."

ஊல்லா சிரித்தாள். "அப்படி ஒரு மெஷினை இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. இந்த ஆளுங்க குறை சொல்றதுக்குத்தான் வாங்கறதே." பிறகு தோராவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒழுங்காக விசாரித்தாள். ஆம்ப்ளிபயர் எந்தக் காலத்தது, ஸ்பீக்கர் எவ்வளவு பெரியது, ரவுட்டர் எந்த அறையில், நடுவில் எத்தனை சுவர். நடுவில் புகைபோக்கி போகிறது, தடித்த செங்கல் என்றதும், "அப்ப வைஃபையை நம்பாதீங்க. கம்பி இழுத்துடுங்க. பாட்டு நடுவுல நின்னுச்சுன்னா அந்த டாக்டருக்கு அதுவே போதும்" என்றாள். தோரா சாம்பல் பெட்டியை எடுத்துக்கொண்டாள். பாட்டுக் கேட்கிற அறையில் எதுவும் மினுங்கக் கூடாது என்பது கணவன் ஆஸ்கெரின் பிடிவாதம். பாட்டை யாராவது பார்ப்பார்களா என்பான்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் எண் பேருந்து. ஆஸ்கெர் இருபத்தாறு வருஷம் ஓட்டிய தடம். துறைமுகத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில் இந்த ஓட்டுநர் பிரேக்கை ஒரு நொடி முன்பே மிதிக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆஸ்கெர் அந்த வளைவில் பிரேக்கைத் தொடவே மாட்டான். எஞ்சின் சத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்லுவான். அந்தக் காதைத்தான் பல் டாக்டர் பிரேபென் மரக்காது என்றான். அதுவும் எங்கே? தேவாலயத்துக்குப் பக்கத்துக் கூடத்தில், அடக்கம் முடிந்து காபி குடிக்க உட்கார்ந்த அறுபது பேருக்கு முன்னால்.

கரண்டியால் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்து நின்றான். நாற்பது வருஷ நட்பு என்று ஆரம்பித்தான். "நம்ம ஆஸ்கெருக்குத் தங்கமான மனசு. காது மட்டும் மரம்" என்று முடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அழுது முடித்தவர்கள் மூச்சு விட ஒரு சாக்குக் கிடைத்தால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. தோராவும் சிரித்துவிட்டாள். உதடு தானாக விரிந்துவிட்டது. அன்று இரவு பல் துலக்கும்போது கண்ணாடியில் அந்த உதட்டைப் பார்த்தவளுக்கு, அதற்குப் பிறகு ஐந்து மாதமாக வேறு எதையும் ஒழுங்காகப் பார்த்ததாக நினைவில்லை. மே மாதத்தில் பிரேபென் வந்து, "ஆஸ்கெர் செஞ்ச அந்த ஸ்பீக்கர் ரெண்டையும் வச்சு நீ என்ன பண்ணப் போறே தோரா? என்கிட்ட குடு. அதுங்களுக்கு ஒரு நல்ல வீடு கிடைச்ச மாதிரி இருக்கும்" என்றபோது அவள் சொன்னாள்: "நான் கேக்கப் போறேன். செப்டம்பர் முதல் வியாழன் நம்ம வீட்டுல கூட்டம். எகோனையும் கூட்டிட்டு வா."

முதல் வியாழன் கூட்டம் என்பது அவர்கள் மூவரின் வழக்கம். பிற்பகல் மூன்று மணிக்கு, யாராவது ஒருவர் வீட்டில். ஆஸ்கெர், பிரேபென், பால் பண்ணையில் வேலை பார்த்த எகோன். புதுக் கருவி எதையாவது மாட்டி, பழையதோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வித்தியாசம் காதில் பட்டதும் கையைத் தூக்க வேண்டும். அப்புறம் கேக், காபி, சண்டை.

தோராவுக்கு அந்த வழக்கத்தைப் பார்த்தால் எப்போதும் சிரிப்பு வரும். ஓய்வு பெறும்வரை அவள் அலுவலகத்தில் செய்ததும் அதுதான். மாவட்ட மருத்துவமனையின் செவிப் பிரிவில் முப்பத்தொரு வருஷம், ஆட்களைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் காலையில் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தவன் பிரேபென்.

வேறு ஆளிடம் அனுப்புகிறேன் என்றாள். "வேணாம், நீயே பாரு. தெரியாதவங்க கிட்ட காதைக் காட்ட எனக்கு வெக்கம்" என்று சிரித்தான். ஒலியின் சுருதி இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் ஆகும் வரை ஒழுங்காக அழுத்தினான். மூவாயிரத்தில் தயங்கினான். அதற்கு மேலே அவள் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் அவன் கட்டைவிரல் அசையவில்லை. செவித்திறன் தாளில் கோடு பாறை விளிம்பிலிருந்து விழுவதுபோல் விழுந்தது. நாற்பது வருஷம் காதுக்கு ஒரு முழ தூரத்தில் பல் துளைக்கும் கருவி கீச்சிட்டதன் பலன். அவன் தாளை வெகுநேரம் பார்த்தான். காதுக்கருவி வேண்டாம் என்றான். எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, "ஆஸ்கெருக்குத் தெரிய வேணாம்" என்றான். "இங்க நடக்கறது இந்தக் கதவைத் தாண்டாது பிரேபென். உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் அவள். தாண்டவும் இல்லை.

அடுத்த ஜனவரியில் பிரேபென் வீட்டில் கூட்டம். அவன் புதிதாக ஒரு விலையுயர்ந்த பிளேயர் வாங்கியிருந்தான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த ஆஸ்கெர், "இடது பக்கம் மெல்லிசா ஒரு விசில் சத்தம் கேக்குதே" என்றான்.

"விசிலா? உன் காதுக்குள்ள பஸ் பிரேக் மாட்டிக்கிச்சுடா."

"இல்ல பிரேபென், நிஜமா. ஊசி மாதிரி."

"எகோன், உனக்கு ஏதாவது கேக்குதா?" எகோன் இல்லை என்று தலையாட்டினான். "பாத்தியா? மரக்காது!"

அந்தப் பெயர் அன்று ஒட்டியது. தோரா கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

அதன் பிறகு ஆஸ்கெர் கூட்டங்களில் கையைத் தூக்குவதைக் குறைத்துக்கொண்டான். மற்றவர்கள் தூக்கினார்களா என்று ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்துவிட்டுத் தூக்குவான். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையிடத்துக்குக் கூட்டிப்போய் அவன் காதைச் சோதித்துக் காட்டினாள். அறுபது வயதுக்காரனுக்கு இப்படி ஒரு கோடு கிடைக்காது என்றாள். "நீ என் பொண்டாட்டி. வேற என்ன சொல்லுவே?" என்றான். அவளிடம் இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவன் முதுகு நிமிர்ந்திருக்கும். அவள் சொல்லவில்லை. கடைசி இரண்டு வருஷம் அவன் தன் கையால் செய்த அந்த ஸ்பீக்கர்களை விட்டுவிட்டு, சமையலறை ரேடியோவைத் தணிவாக வைத்துக்கொண்டு கேட்டான். தப்பாகக் கேட்டாலும் அதில் யாருக்கும் தெரியாது என்று ஒருமுறை சொன்னான்.

ஆகவே அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஆஸ்கெரின் காது சரியாகத்தான் இருந்தது என்று பிரேபென் தன் வாயால் சொல்ல வேண்டும். எகோன் காதுபட. அதை எப்படி வரவழைப்பது என்றுதான் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தொழில் ரகசியத்தை உடைப்பதாக இல்லை. ஓய்வு பெற்றாலும் அது அவளைக் கட்டுப்படுத்தும்.

பெட்டியைப் பொருத்த ஒரு பகல் முழுக்கப் போயிற்று. ரவுட்டரிலிருந்து தட்டைக் கம்பியைச் சுவரோரமாக இழுத்து, கம்பளத்துக்கு அடியில் ஒளித்து, அலமாரிக்குப் பின்னால் கொண்டுவந்தாள். முழங்கால் இரண்டும் சிவந்துவிட்டன. பெட்டியின் பின்னாலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு இணைப்பு ஆம்ப்ளிபயருக்கு. வலது இடது மாறாமல் இருக்க ஆஸ்கெர் செய்வதுபோலவே சிவப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வலது, வலது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினாள். கைபேசியில் செயலியை இறக்கினாள். அது பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, இதற்கு ஒரு பெயர் வையுங்கள் என்றது. வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை என்று தானே சில பெயர்களையும் நீட்டியது. தோரா அவற்றைத் தள்ளிவிட்டு 'மரக்காது' என்று எழுதினாள். 'மரக்காது தயார்' என்றது செயலி.

ஒரு பாட்டைப் போட்டாள். பெண் குரல், பியானோ, பின்னால் யாரோ பித்தளைத் தட்டைத் தூரிகையால் வருடுகிறார்கள். வருடுவது கேட்கவில்லை. குரலுக்கு வாய் இருந்தது, பல் இல்லை. ஸ, ஷ எல்லாம் துணிக்குள் போய்விட்டன. முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் அவள் காது தானாகவே அளந்தது: மூவாயிரத்துக்கு மேலே ஒன்றுமில்லை. புதுப் பெட்டி பழுதா? ஊல்லாவைக் கூப்பிட்டாள்.

"ஸ்பீக்கர் பின்னாடி எத்தனை கம்பி போகுது?"

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஜோடி."

"அப்ப உங்க வீட்டுக்காரர் மேலே இருக்கற, உச்ச ஒலி மட்டும் குடுக்கற சின்ன ட்வீட்டருக்குத் தனியா, கீழே இருக்கற பெரிசுக்குத் தனியா கம்பி போட்டிருக்கார். ஆம்ப்ளிபயர் முகப்புல ஏ, பி-ன்னு ரெண்டு பொத்தான் இருக்கும் பாருங்க. ரெண்டையும் அழுத்தியிருக்கீங்களா?"

தூசி துடைக்கும்போது பி வெளியே வந்திருக்க வேண்டும். அழுத்தினாள். பாடுகிறவளின் உதட்டில் ஈரம் வந்தது. தூரிகையின் ஒவ்வொரு மயிரும் கேட்டது. ஊல்லா தொலைபேசியில், "ஆ, இங்க வரைக்கும் கேக்குது. சரியாயிடுச்சு இல்ல?" என்றாள்.

"சரியாயிடுச்சு" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டு, தோரா அந்தப் பொத்தானைப் பார்த்தபடி நின்றாள். பிறகு பியை மறுபடி வெளியே எடுத்தாள். மூவாயிரத்துக்கு மேலே ஒன்றுமில்லை. இந்த அறை இப்போது எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் பிரேபெனுக்கு உலகமே கேட்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டாள், அவன் காதால். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு நன்றாகப் பசித்தது.

வியாழக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. பிரேபென் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். "எகோன், பேட்டரி மாத்திட்டு வந்தியா? நடுவுல தீந்துட்டா அப்புறம் பாட்டுக்குப் பதிலா என்னைத்தான் கேக்கணும்."

"உன்னைக் கேக்கற அன்னிக்கு நானே கழட்டி வச்சிடுவேன் டாக்டர்" என்றான் எகோன். நான்கு வருஷமாக அவனுக்கு இரண்டு காதிலும் கருவி. பிரேபென் அவனைப் பேட்டரி என்றே கூப்பிடுவான். ஆஸ்கெர் போன பிறகு கேலி செய்து சிரிக்க பிரேபெனுக்கு மிச்சமிருந்தவன் எகோன் ஒருவன்தான்.

ஆம்ப்ளிபயரில் ஏ பொத்தான் மட்டும் உள்ளே அழுந்தியிருந்தது. பிரேபென் நடு நாற்காலியில் உட்கார்ந்து, கைபேசியில் பெட்டியைத் தேடினான். திடீரென்று வெடித்துச் சிரித்தான். "மரக்காதா! தோரா, உனக்குள்ள இவ்வளவு குறும்பு இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதே. அவன் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்."

"சிரிச்சிருப்பான்" என்றாள் தோரா. காபி ஊற்றினாள். அதே பெண் குரலைப் போட்டாள்.

பிரேபென் கண்ணை மூடிக்கொண்டு, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவனின் தலையைத் தாங்குவதுபோல் இரண்டு கையையும் காற்றில் வைத்துக்கொண்டான். "அடடா. பெட்டி சின்னதா இருந்தாலும் விஷயம் இருக்கு. அந்த மேல் ஸ்தாயியைக் கவனி. பட்டு. ஒரு பிசிறு இல்ல. தூரிகை தட்டுல படற இடம் தெரியுது பாரு, அப்படியே வெள்ளிப் பொடி தூவின மாதிரி."

எகோன் தலையைச் சாய்த்தான். ஒரு காதுக்கருவியைத் தொட்டுப் பார்த்தான். மற்றதையும் தொட்டான். "எனக்கென்னவோ..." என்று இழுத்தான். "போர்வை போட்டு மூடின மாதிரி இருக்கு."

"அது உன் பேட்டரி."

"காலைலதான் மாத்தினேன்."

"அப்ப காதையே மாத்து. ஆஸ்கெரும் இதேதான் சொல்லியிருப்பான், போர்வைன்னு. மரக்காதுக் கூட்டம்டா நீங்க."

எகோன் கேக்கை வெட்டினான். அவன் தோள் கீழே இறங்கியதைத் தோரா பார்த்தாள். அந்த இறக்கம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த இறக்கம்.

"இன்னும் ஒண்ணு சேர்க்கப் போறேன்" என்றாள். "நம்ம வழக்கப்படி ரெண்டு பேரும் கண்ணை மூடிக்குங்க. வித்தியாசம் கேட்டதும் கையைத் தூக்குங்க."

மூடிக்கொண்டார்கள். அவள் அலமாரியிடம் போய், பியின் மேல் விரலை வைத்து, பியானோ உரக்க விழுகிற இடம் வரும்வரை காத்திருந்து அழுத்தினாள்.

எகோனின் கை அடிபட்டதுபோல் மேலே போயிற்று. அவன் கண்ணும் திறந்துவிட்டது. விதியை மறந்து ஸ்பீக்கரையே பார்த்தான். தூரிகை சலசலத்தது. பாடுகிறவள் மூச்சு இழுத்தாள். பிரேபென் முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு, முகத்தில் அதே புன்னகையோடு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். தோரா மனதுக்குள் எண்ணினாள். பத்து. இருபது. எகோன் தூக்கிய கையை இறக்காமல் பிரேபெனைப் பார்த்தான், தோராவைப் பார்த்தான், மறுபடி பிரேபெனைப் பார்த்தான். நாற்பது.

"எப்போ போடப் போறே தோரா?" என்றான் பிரேபென், கண்ணை மூடியபடியே. "காபி ஆறிடும்."

யாரும் பதில் சொல்லாததால் அவன் கண்ணைத் திறந்தான். எகோனின் தூக்கிய கை. எகோனின் முகம். அலமாரியோரம் நிற்கும் தோரா. ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க அவனுக்கு நேரம் எடுத்தது.

"போட்டாச்சு" என்றாள் தோரா. "இதுக்கு முன்னாடி நீ கேட்டப்ப ட்வீட்டர் ரெண்டும் ஊமை. பட்டுன்னு சொன்னியே, வெள்ளிப் பொடின்னு சொன்னியே, அப்ப அங்க ஒண்ணுமே இல்ல."

எகோன் கையை மெதுவாக இறக்கினான். சிரிப்பான் என்று தோரா எதிர்பார்த்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

பிரேபெனின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. "நீ இதைப் பண்ணக் கூடாது. உனக்கு அந்த உரிமை இல்ல. சத்தியம் பண்ணியிருக்கே."

"நான் ஒரு வார்த்தை சொல்லலையே. நீதான் சொன்னே. பட்டுன்னு."

"தோரா."

"அறுபது பேர் முன்னாடி சொன்னே. இங்க நாங்க ரெண்டு பேர்தான். ஆஸ்கெரோட காது சரியா இருந்துச்சுன்னு சொல்லு. எகோன் கேக்கட்டும்."

அவள் எதிர்பார்த்தது கோபம், இல்லையென்றால் ஒரு நகைச்சுவை. இரண்டும் வரவில்லை. பிரேபென் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில், "அவனுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றான். "வீட்டுக்குப் போன அன்னிக்கே நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன ரகசியம்? ஒவ்வொரு வியாழனும், இன்னிக்கு இவன் போட்டு உடைக்கப் போறான்னு பயந்துகிட்டே வருவேன். அந்தப் பயத்துலதான் முந்திக்கிட்டு அவனைக் கேலி பண்ணிச் சிரிப்பேன். அவன் பெரிய மனுஷன், விட்டுக்குடுக்கறான்னு..." நிறுத்தினான். "அவனுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப அவன் நிஜமாவே நம்பினானா? பதினோரு வருஷமும்?"

 கைபேசி தோராவின் உள்ளங்கையில் சூடாகியிருந்தது.

"அன்னிக்கு அந்த விசில்" என்றான் பிரேபென். இப்போது அவன் நேராக அவளைப் பார்த்தான். "அந்த பிளேயரை மறுவாரமே திருப்பிக் குடுத்தேன். கடைக்காரனுக்கும் கேட்டுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நீ கதவுகிட்ட கேக்கை வச்சுக்கிட்டு நின்னே. அவன் விசில்னு சொன்னப்ப உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கும் கேட்டுச்சு. எனக்கும் கேக்குதுன்னு சொல்ல எந்தச் சத்தியம் உன்னைத் தடுத்துச்சு?"

எகோன் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

கேட்டது. இடது பக்கம், ஊசிபோல, ஆஸ்கெர் சொன்ன மாதிரியே. எனக்கும் கேக்குது ஆஸ்கெர் என்று சொல்வதற்கு மருத்துவமனை அனுமதி எதுவும் தேவைப்பட்டிருக்காது. அவள் அன்று பிரேபெனின் கண்ணைப் பார்த்தாள். அதில் இருந்த கெஞ்சலைப் பார்த்தாள். கேக்கை மேசையில் வைத்தாள். யாருக்குப் பெரிய துண்டு என்று கேட்டாள்.

பாட்டு முடிந்தது. ஒரு நொடி அமைதி. பிறகு பெட்டி தன் போக்கில் அடுத்ததைத் தேடி எடுத்துக்கொண்டது. மூவரில் யாரும் கேட்காத, யாருக்கும் தெரியாத ஒரு பாட்டு. ஏதோ மொழியில் ஒருவன் பாடினான். பின்னால் சின்னச் சின்ன மணிகள்.

பிரேபென் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கோப்பையைத் தட்டவில்லை, ஆனால் அன்று கூடத்தில் நின்ற மாதிரியே, முதுகை நேராக்கிக்கொண்டு நின்றான். எகோன் பக்கம் திரும்பினான்.

"எகோன், நான் ஒண்ணு சொல்லணும். ஆஸ்கெரோட காது..."

தான் அன்று சொல்லாமல் விட்டதை அவன் வாயால் கேட்க முடியாமல், தோரா திரையில் ஒலியளவின் மேல் கட்டைவிரலை நகர்த்தினாள். மணிகள் பெருகின. இன்னும் நகர்த்தினாள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோப்பைகள் தட்டுகளோடு உரசிக் கிணுகிணுத்தன. எகோன் இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டான். அவர்களுக்கு நடுவே பிரேபென் நின்றுகொண்டிருந்தான். அவன் உதடுகள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, அசைந்துகொண்டே இருந்தன.